பொதிக்குள் இருப்பது யாது?

கடையிலே ஒரு பொருளை வாங்குபவன் உண்மையில் இரண்டு பொருள்களுக்கு விலை கொடுக்கின்றான். ஒன்று கையிலே கிடைக்கும் பண்டம். மற்றது அப்பண்டத்தைப் பற்றி விற்பவன் கூறும் சொல். வீட்டில் இடித்த மாவையும் அயலிற் கறந்த பாலையும் உண்டு வாழ்ந்த காலத்தில் இவ்விரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கவில்லை. பண்டத்தை ஆக்குபவனும் அதனை நுகர்பவனும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாத பெருஞ்சந்தை தோன்றியபொழுது அத்தூரம் வளர்ந்தது. வளர்ந்த தூரமே இலாபமாகவும் மாறியது. பொதிக்குள் இருப்பது யாது என்பது விற்பவனுக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாயிற்று.

அந்த இரகசியத்தை உடைத்த கருவி இரசாயனப் பகுப்பாய்வு. அதன் வரலாற்றை நமது பாடநூல்கள் குடுவைக்கும் சுடரடுப்புக்கும் உட்பட்ட ஓர் ஆய்வுகூடக் கதையாகவே சொல்லிச் செல்கின்றன. உணவு, பானம், மருந்து, ஒப்பனைப் பொருள் ஆகியவற்றைப் பகுத்தாராய்ந்த வரலாறோ அச்சுக்கூடத்திலும் பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடந்த ஒரு நீண்ட போராட்டமாகும். கைத்தொழிற் புரட்சியின் தாயகமான இங்கிலாந்திலே அப்போராட்டம் தெளிவான உருவம் பெற்றது. அதன் ஒரு கிளை நமது மலைநாடு வரை நீண்டு வந்தது. ஆகவே அதனை நாம் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

ஜேர்மனியிற் பிறந்து 1793 இல் இலண்டனில் வந்து குடியேறிய பிரெடரிக் அக்கும் என்னும் இரசாயன அறிஞர், 1820 இல் உணவுக் கலப்படத்தையும் சமையல் நஞ்சுகளையும் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அட்டையிலே மண்டையோடு வரையப்பட்டிருந்த அந்நூலின் ஆயிரம் பிரதிகள் ஒரே மாதத்தில் விற்றுத் தீர்ந்தன. ஊறுகாய் பச்சைப் பசேலெனத் தோன்றுவதற்காக அதனைச் செம்புப் பாத்திரத்திற் காடியோடு கொதிக்கவைக்கும் வழக்கத்தை அக்கும் அம்பலப்படுத்தினார். அதனைக் கண்டறியும் முறை மிக எளியது. ஊறுகாய் நீரில் அமோனியாவைச் சேர்த்தாற் செம்பு நீல நிறமாகத் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். இன்றும் எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம்.

அக்கும் எடுத்துரைத்த இன்னோர் உதாரணம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. குளொஸ்டர் நகரப் பெயரால் விற்கப்பட்ட பாற்கட்டியில் ஈயச் செந்தூரம் காணப்பட்டது. அது எவ்வாறு அங்கு வந்தது? பாற்கட்டி செய்த உழவன் நிறத்துக்காக அனாற்றோ என்னும் தாவரச் சாயத்தைச் சேர்த்தான். அச்சாயத்தை விற்றவன் அதன் மங்கல் தெரியாதிருக்கச் சாதிலிங்கத்தைக் கலந்தான். சாதிலிங்கத்தை விற்றவனோ, அது வீட்டுச் சுவருக்குப் பூசத்தானே போகின்றது என்று எண்ணி, மலிவான ஈயச் செந்தூரத்தை அதிற் சேர்த்தான். இவர்களில் எவனும் தன்னை நஞ்சூட்டுபவனாகக் கருதவில்லை. ஒவ்வொருவனும் தன் பங்குக்குச் சிறிது இலாபம் தேடினான், அவ்வளவே. ஒரு தீயவனைப் பிடித்துத் தண்டித்து விட்டாற் கலப்படம் ஒழிந்துவிடும் என்று நம்புவோருக்கு இப்பாற்கட்டியே பதில் கூறுகின்றது.

தண்ணீர் சேர்த்து மெலிந்த பியருக்குப் போதையூட்ட இலண்டனிற் பயன்பட்ட நஞ்சு நம்மவர்க்கும் அறிமுகமானதே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காடுகளிற் படரும் காக்கைக்கொல்லிக் கொடியின் விதை அது. மீன்களை மயக்கிப் பிடிக்க உதவிய அவ்விதை கடல் கடந்து சென்று இங்கிலாந்துத் தொழிலாளியின் கிண்ணத்திற் கரைந்தது. சட்டம் அதனைத் தடுத்திருந்தது. ஆயினும் வியாபாரம் நின்றுவிடவில்லை. சட்டத்தாற் பிடிபட்டவர்களின் பெயர்களை அக்கும் தமது நூலில் அச்சிட்டார். பெயர்களை வெளியிட்டமையே அவர் நூலின் பலம். அவருக்குப் பகைவரைத் தேடித் தந்ததும் அதுவே. அவ்வாண்டின் இறுதியில், அரச நிறுவக நூலகத்திற் புத்தகத் தாள்களைக் கிழித்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது வந்தது. 1821 இல் அவர் இங்கிலாந்தை விட்டு நீங்கிப் பேர்லினிற் பேராசிரியராகி 1838 இல் இறந்தார். அவர் தொடங்கிய பணி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தளர்ந்து கிடந்தது.

அதனை மீண்டும் எழுப்பியது ஒரு கோப்பி வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக்குக் கோப்பி அனுப்பிய நாடுகளில் இலங்கை முதன்மையானது. கண்டியிலும் மாத்தளையிலும் காடழித்து நாட்டப்பட்ட தோட்டங்களிலே அக்கோப்பியைப் பறித்தவர்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து மன்னார் வழியாக நடந்து வந்த தொழிலாளர்கள். பசியாலும் நோயாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். இவ்வாறு விளைந்த கோப்பி இலண்டன் கடைகளிலே சிக்கரி வேரின் பொடியோடு கலந்து விற்கப்பட்டது. 1840 இல் அரசாங்கத் திறைசேரியே இக்கலப்புக்கு இடம் கொடுத்திருந்தது. கோப்பியிற் பணம் முதலிட்டோர் முறையிட்டனர். நிதியமைச்சராயிருந்த சர் சார்ள்ஸ் வுட், கோப்பியிற் சிக்கரி உண்டா இல்லையா என்பதை இரசாயனத்தாலோ வேறெவ்வழியாலோ உறுதியாகக் கண்டறிய இயலாது என நிபுணர் கூறுவதாகப் பாராளுமன்றத்தில் விடையிறுத்தார்.

இயலாது என்பதற்கு ஒரு நியாயமும் இருந்தது. வறுத்த கோப்பிக் கொட்டையும் வறுத்த சிக்கரி வேரும் கரிந்த தாவரப் பொருள்களே. அக்கால இரசாயன முறைகளால் அவற்றைப் பிரித்துக் காட்டுதல் கடினம். ஆர்தர் ஹில் ஹசல் என்னும் இளம் மருத்துவர் வேறு வழியை நாடினார். அவர் தாவரவியலும் அறிந்தவர். வறுத்தாலும் பொடித்தாலும் தாவர இழையங்களின் கட்டமைப்பு முற்றாக அழிவதில்லை. கோப்பியின் கலங்கள் ஒருவிதம். சிக்கரி வேரின் கலங்களும் குழாய்களும் இன்னொருவிதம். 1850 இல் ஹசல் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு சிட்டிகைப் பொடியை வைத்துப் பார்த்து, அரசாங்கம் இயலாது என்றதைச் செய்து காட்டினார்.

இதனைக் கண்ட தோமஸ் வேக்லி ஹசலைத் தேடிச் சென்றார். 'லான்செற்' என்னும் மருத்துவ இதழை 1823 இல் நிறுவியவர் வேக்லி. மருத்துவத் துறையின் ஊழல்களோடு ஓயாது பொருதியவர். அவருடைய இதழில் 1851 முதல் 1854 வரை ஹசலின் ஆய்வறிக்கைகள் தொடர்ந்து வெளிவந்தன. அவற்றின் சிறப்பு யாதெனில், எந்தத் தெருவில், எந்தக் கடையில், யாரிடம் அப்பண்டம் வாங்கப்பட்டது என்ற விபரமும் முடிவோடு சேர்த்து அச்சிடப்பட்டதாகும். தூய பண்டத்தை விற்றவர்களின் பெயரும் வெளிவந்தது. கலப்படம் செய்தோரின் பெயரும் வெளிவந்தது. கோப்பி மாதிரிகளிற் பெரும்பாலானவற்றிற் சிக்கரி இருந்தது. பாணை வெளுப்பாக்கப் படிகாரம் சேர்க்கப்பட்டிருந்தது. குழந்தைகள் வாங்கும் இனிப்புகளில் மஞ்சளுக்கு ஈயக் குரோமேற்றும், சிவப்புக்கு ஈயச் செந்தூரமும், பச்சைக்குச் செம்பும் ஆசனிக்கும் கலந்த சாயமும் இருந்தன. ஹசலின் முடிவுகளை மறுத்து வழக்காடி வென்றவர் எவருமில்லை.

1853 இல், சிக்கரி கலந்த கோப்பியைக் கலவை என்று எழுதி ஒட்டி விற்கவேண்டும் என்ற விதி வந்தது. தோட்ட முதலாளியின் முறைப்பாடு இவ்வாறு ஓரளவு தீர்ந்தது. அவனுடைய கணக்கேட்டில் கடனாளியாகவே வாழ்ந்து மடிந்த கூலியின் முறைப்பாடு எந்தப் பாராளுமன்றத்தையும் எட்டவில்லை. விஞ்ஞானம் யாருடைய கேள்விக்கு முதலில் விடை தருகின்றது என்பதை இவ்விடத்து நாம் மனங்கொள்ள வேண்டும்.

ஆயினும் கலப்படத்தின் பெருஞ்சுமையைத் தாங்கியவர்கள் இங்கிலாந்திலும் ஏழைகளே. 1858 ஒக்தோபர் இறுதியில் பிராட்போர்ட் நகரச் சந்தையில் நிகழ்ந்தது அதற்குச் சான்று. சீனியின் விலை அதிகமாயிருந்தமையால் இனிப்புச் செய்வோர் அதிற் சுண்ணச் சாந்துப் பொடியைக் கலப்பது வழக்கம். அப்பொடியை வாங்க மருந்துக் கடைக்கு ஆள் போயிற்று. கடைப் பணியாள் தவறுதலாகப் பன்னிரண்டு இறாத்தல் ஆசனிக்கை நிறுத்துக் கொடுத்துவிட்டான். அந்த இனிப்பைத் தின்ற இருபது பேர் இறந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நீதிமன்றத்தில் எவரும் தண்டனை பெறவில்லை. ஆசனிக்கைக் கொடுத்தது விபத்து; சுண்ணச் சாந்தை மக்களுக்குத் தின்னக் கொடுப்பதோ அன்றைய வியாபாரத்தின் அன்றாட ஒழுங்கு. அந்த ஒழுங்கு குற்றமாகக் கருதப்படவில்லை.

கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் ஹசலின் ஆய்வையும் பாண் சுடுவோர் பற்றிய 1862 ஆம் ஆண்டு அரசாங்க விசாரணையையும் எடுத்தாள்கின்றார். இலண்டன் பாணில் வியர்வையும் சிலந்தி வலையும் செத்த வண்டும் படிகாரமும் மணலும் கலந்திருந்ததை அவ்விசாரணை வெளிப்படுத்தியது. மார்க்ஸ் அதனோடு நின்றுவிடவில்லை. மலிவு விலையிற் பாண் விற்ற முதலாளி இரண்டு வழிகளால் அம்மலிவை ஈட்டினான் என்பதை அவர் காட்டினார். ஒன்று மாவிற் கலப்படம். மற்றது இரவிரவாகப் பாண் சுட்ட தொழிலாளியின் உழைப்பை அளவின்றி உறிஞ்சுதல். வார இறுதியிற் கூலி பெறும் குடும்பம் அதுவரை கடனுக்கே பாண் வாங்கியது. கடன் பட்டவன் கடையை மாற்ற முடியாது. கலப்படம் என்று தெரிந்தும் அப்பாணையே உண்ணவேண்டும். வாங்குபவனே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்று போதித்த பொருளியலாளர் இவ்வுண்மையைக் காண மறுத்தனர். அறியாமையை இரசாயனம் போக்கலாம். கடனை அது போக்காது.

ஆகவே கூட்டு நடவடிக்கை அவசியமாயிற்று. 1844 இல் ரொச்டேல் நகரத் தொழிலாளர் தாமே சிறு கடையொன்றைத் திறந்து, கலப்பற்ற மாவும் வெண்ணெயும் சீனியும் சரியான நிறையில் விற்கத் தொடங்கியமை இவ்வகையிற் போற்றத்தக்கது. கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பிலே தூய உணவுக்கான வேட்கையும் ஒரு பங்கு வகித்தது. மறுபுறம், பர்மிங்காம் நகர மருத்துவர் ஜோன் போஸ்ற்கேற் 1854 முதற் சட்டம் வேண்டி ஓயாது உழைத்தார். 1860 இல் ஒரு சட்டம் வந்தது. பகுப்பாய்வாளரை நியமிக்கலாம் என்று அது கூறியது. நியமிக்கவேண்டும் என்று கூறவில்லை. கடைக்காரர் நிறைந்த நகரசபைகளில் மிகச் சிலவே நியமித்தன. 1869 இலும் வணிக அமைச்சர் ஜோன் பிறைற், கலப்படம் வியாபாரப் போட்டியின் தவிர்த்தற்கரிய விளைவு என்ற கருத்திற் பாராளுமன்றத்திற் பேசினார். போட்டியைத் தெய்வமாகக் கொண்டவர் வாயிலிருந்தே இவ்வொப்புதல் வந்தது. 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் நிலைமை மாறியது. வாங்குபவன் கேட்ட தன்மையும் தரமும் இல்லாத பண்டத்தை விற்பது குற்றமாயிற்று. பொதுப் பகுப்பாய்வாளர் என்னும் பதவி உறுதி பெற்றது.

ஆனால் 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே விடப்பட்டிருந்தது. தனியுரிமைப் பெயரில் விற்கப்பட்ட மருந்துகளுக்கு அது விலக்களித்தது. சீனியிற் சுண்ணம் கலந்தவன் குற்றவாளி. சுண்ணத்தையே சர்வரோக நிவாரணி என்று பெயரிட்டு விற்றவன் வியாபாரி. அம்மருந்துப் பொதிகளில் 1783 முதல் அரசாங்க முத்திரை வரி ஒட்டப்பட்டு வந்தது. அம்முத்திரையையே அரசாங்கத்தின் நற்சான்று போலக் காட்டி விற்றோர் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வரியால் அரசாங்கம் ஆண்டுதோறும் மூன்று இலட்சம் பவுண்களுக்கு மேல் ஈட்டியது.

இக்கதவை மூட முயன்றது பிரித்தானிய மருத்துவச் சங்கம். 1909 இல் அது 'இரகசிய மருந்துகள்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டது. விளம்பரம் பெற்ற மருந்துகள் ஒவ்வொன்றிலும் அடங்கியிருப்பது யாது, அதன் மூலப்பொருளின் விலை யாது என்ற இரண்டையும் அந்நூல் பக்கத்துக்குப் பக்கம் நிரைப்படுத்தியது. பகுப்பாய்வைச் செய்தவர் எட்வேர்ட் பிராங் ஹரிசன் என்னும் இரசாயனவியலாளர்.

பீச்சம் மாத்திரை அக்காலத்தில் உலகெங்கும் விற்பனையானது. பெட்டியொன்று ஒரு கினி பெறுமதியானது என்பது அதன் விளம்பரம். ஹரிசன் கண்டவை மூன்றே: கரியபோளம், சுக்கு, சவர்க்காரம். 56 மாத்திரைகள் கொண்ட பெட்டியின் விலை 1 சிலின் 1½ பென்ஸ். அவற்றின் மூலப்பொருளுக்கான செலவோ ஒரு பென்சின் எட்டில் ஒரு பங்கு. அதாவது, மூலப்பொருளின் விலையைப் போல் நூறு மடங்குக்கு மேல் நோயாளி செலுத்தினான். அரசாங்க முத்திரைக்கான 1½ பென்சும் மூலப்பொருளைப் போல் பன்னிரண்டு மடங்காகும். எஞ்சிய பணத்திற் பெரும்பகுதி விளம்பரத்துக்கும் இலாபத்துக்கும் சென்றது. நமது பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கண்ட சரக்கு, பெயரும் பெட்டியும் பெற்றவுடன் பொன்னாக மாறிய இரசவாதம் இதுவே.

இந்நூலை விளம்பரப்படுத்தப் பல செய்தித்தாள்கள் மறுத்தன. அவற்றின் வருவாயிற் கணிசமான பங்கு அதே மருந்துகளின் விளம்பரத்தால் வந்தமையே காரணம். பத்திரிகைச் சுதந்திரம் என்பது யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. காசநோய்க்கு மருந்து விற்ற ஸ்ரீவன்ஸ் என்பவர் சங்கத்தின் மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1912 இல் யூரிமார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1914 இல் அவர் தோற்றார். இதற்கிடையில் பாராளுமன்றம் ஒரு குழுவை அமைத்தது. குழு இரண்டு ஆண்டுகள் சாட்சிகளை விசாரித்தது. அதன் அறிக்கை 1914 ஓகஸ்ற் 4 ஆம் நாள் வெளிவந்தது. அன்றுதான் பிரித்தானியா போரில் இறங்கியது. அறிக்கை அலுமாரிக்குள் உறங்கிற்று. மருந்துகளின் உட்கூறுகளைப் பொதியில் வெளியிடவேண்டும் என்ற சட்டம் 1941 இல் தான் வந்தது. முத்திரை வரியும் அப்பொழுதே ஒழிந்தது. மாத்திரையின் இரகசியத்தை உடைத்த ஹரிசனோ, போர்க்களத்தில் நச்சு வாயுவிலிருந்து படைவீரரைக் காத்த முகமூடியை உருவாக்குவதிற் பெரும்பங்கு கொண்டு, ஓயாத உழைப்பால் உடல் நலிந்து, போர் நிறுத்தத்துக்குச் சில நாட்கள் முன் 1918 நவம்பரில் இறந்தார்.

அமெரிக்கா இப்பாடத்தை இன்னும் கொடிய முறையிற் கற்றது. 1937 இல், சல்பனிலமைட்டு என்னும் பயனுள்ள மருந்தைக் குழந்தைகளும் அருந்தத்தக்க நீர்மருந்தாக்க விரும்பிய ஒரு நிறுவனம் அதனை டைஎதிலீன் கிளைக்கோலிற் கரைத்தது. நிறம், மணம், சுவை ஆகியவற்றைச் சோதித்தனர். அது நஞ்சா என்பதைச் சோதிக்கவில்லை. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய சட்டத்தின்படி, கொன்றதற்காக அம்மருந்தைக் கைப்பற்ற வழியிருக்கவில்லை. 'எலிக்சர்' என்னும் பெயரால் விற்கும் மருந்தில் மதுசாரம் இருத்தல் வேண்டும். இதில் அது இல்லை. ஆகவே பெயர் பொய் என்று காட்டியே அதிகாரிகள் அதனைப் பறிமுதல் செய்தனர். 1938 ஆம் ஆண்டுச் சட்டம் இதன் விளைவு. மருந்து சந்தைக்கு வருமுன் அதன் பாதுகாப்பைக் காட்டவேண்டும் என்ற நியதி அதனால் வந்தது. கண்ணிமைச் சாயம் பூசிப் பெண்கள் பார்வையிழந்த கொடுமைகளின் பின், ஒப்பனைப் பொருள்களும் அமெரிக்காவில் அச்சட்டத்தினாலேயே கூட்டாட்சி அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 2022 இல் ஆபிரிக்காவின் காம்பியா நாட்டிற் சுமார் எழுபது குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இறக்குமதி செய்யப்பட்ட நீர்மருந்துகளில் அதே டைஎதிலீன் கிளைக்கோல் கண்டறியப்பட்டது. அந்நஞ்சைக் கண்டறியும் முறை உலகுக்குத் தெரியும். காம்பியாவிலோ மருந்தின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வுகூடம் இருக்கவில்லை. மாதிரிகள் வெளிநாட்டுக்குச் சென்று முடிவு வரும்வரை மரணம் காத்திருக்கவில்லை. ஏழை நாட்டுக்கு மருந்து செல்கின்றது. மருந்தை அறியும் வல்லமை செல்வதில்லை. இலண்டன் பாண் கடையில் வார முழுதும் கடன்பட்டு நின்ற தொழிலாளியின் நிலையும் இந்நாடுகளின் நிலையும் வேறல்ல.

நமது நாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டோர் இருந்தனர். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் பொதுவுடைமை இயக்கத் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையைத் தந்தனர். ஒரே இரசாயனப் பொருள் பத்துப் பெயர்களில் பத்து விலைகளில் இறக்குமதியாவது ஏன் என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. பெயரை நீக்கிப் பொருளைப் பார்த்தல் என்னும் பகுப்பாய்வின் பழைய நியதியே அதில் ஒரு நாட்டின் கொள்கையாயிற்று. பிபிலேயின் தலைமையில் இயங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த மருந்து வகைகளைச் சுமார் அறுநூறாகக் குறைத்து, வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப் பெயராற் கொள்வனவு செய்தது. 1977 இல் அவர் கயானாவில் இறந்தார். உணவுக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டமும், மருந்துக்கு 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் பின்னர் வந்தன.

சட்டம் இருத்தல் மட்டும் போதாது என்பதை 1860 ஆம் ஆண்டு இங்கிலாந்து நமக்குக் காட்டியது. பெயரை வெளியிடாத ஆய்வு பயன் தராது என்பதை அக்குமும் ஹசலும் காட்டினர். வாங்குபவனுக்குத் தெரிவு இல்லாதவிடத்து அறிவும் முழுப்பயன் தராது என்பதைக் கடனுக்குப் பாண் வாங்கிய தொழிலாளியின் கதை காட்டியது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் நாம் கேட்கவேண்டியவை தெளிவாகும். ஒவ்வொரு மாகாணத்திலும் போதிய ஆளணியும் கருவியும் கொண்ட பொது ஆய்வுகூடம் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுத்த மாதிரியின் முடிவு கோப்புக்குள் முடங்காது, மக்கள் மொழியில், பண்டத்தின் பெயரோடும் ஆக்கியவர் பெயரோடும் வெளிவருதல் வேண்டும். மருந்தின் விலையோடு அதன் மூலப்பொருட் செலவும் மக்களுக்குத் தெரிதல் வேண்டும்.

இக்கோரிக்கைகளை எழுப்பும் தகுதி விஞ்ஞான ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனிப்பட உண்டு. வகுப்பறையில் அமோனியாவின் நீல நிறத்தைக் காட்டும் ஆசிரியர், அந்நீலம் யாருடைய ஊறுகாயிற் கண்டுபிடிக்கப்பட்டது, அதனைக் கண்டவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வாராயின், மாணவன் இரசாயனத்தை மட்டுமன்றித் தான் வாழும் சமூகத்தையும் பகுத்தாராயக் கற்பான்.